முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள்: கல்லூரி வகுப்பில் எதிர்பார்ப்புகளைத் தெளிவாக்குவது எப்படி?

சில வருடங்களுக்கு முன் பி.காம். முதலாமாண்டு மாணவர்களுக்குத் தேய்மானம் (ஒரு சொத்தின் மதிப்பு வருடா வருடம் குறைவதைக் கணக்கிடுவது) பற்றி ஒரு அசைன்மென்ட் கொடுத்தேன். "அஞ்சு பக்கத்துக்குக் குறையாம எழுதிட்டு வாங்க, திங்கட்கிழமை வேணும்" என்றேன். அவ்வளவுதான் சொன்னது. திங்கட்கிழமை ஒரு மாணவி கொண்டுவந்த தாள்கள் இன்னும் கண்ணில் நிற்கின்றன. ஓரமெல்லாம் சிவப்பு மையில் கோடு, தலைப்புகளுக்குக் கீழே பச்சை ஸ்கெட்ச், அடித்தல் திருத்தல் இல்லாத குண்டு குண்டான கையெழுத்து. படித்துப் பார்த்தால் கைடில் இருக்கும் பாடம், வரிக்கு வரி. பத்துக்கு மூன்று போட்டேன்.

மறுநாள் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள். "மேடம், ஒரு எழுத்துகூட விடல மேடம். கைடுல இருக்கிறத அப்படியே எழுதியிருக்கேன். எதுல மார்க் போச்சு?" அவள் எதையும் மறைக்கவில்லை. அப்படியே எழுதியதைத்தான் தன் உழைப்புக்குச் சாட்சியாகச் சொன்னாள். பள்ளியில் அதற்குத்தான் முழு மதிப்பெண் கிடைத்தது. நான் எதிர்பார்த்ததோ வேறு: சொந்தமாக எழுத வேண்டும், இரண்டு கணக்கீட்டு முறைகளை ஒப்பிட வேண்டும், ஒரு உதாரணமாவது தானே போட்டுப் பார்க்க வேண்டும். இதில் ஒன்றையும் நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. என் மனதுக்குள் இருந்த கேள்விக்கு அவள் எப்படிப் பதில் எழுத முடியும்?

பாடம் தொடங்கும்போதே எதிர்பார்ப்புகளைத் தெளிவாகச் சொல்வது என்று கல்வித்துறையில் பேசுவது இதைத்தான். ஆசிரியர் மனதில் இருக்கும் அளவுகோலை, மாணவர் கண்ணால் பார்க்கவும் கையால் செய்யவும் முடிகிற மாதிரி வெளியே எடுத்து வைப்பது. இந்தப் பாடம் முடியும்போது என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும், மதிப்பெண் எதற்குப் போடப்படும், வகுப்பில் எப்படி நடந்துகொள்ள வேண்டும், சந்தேகம் வந்தால் யாரிடம் எப்போது போக வேண்டும், அதோடு ஆசிரியரிடமிருந்து மாணவர் எதையெல்லாம் எதிர்பார்க்கலாம் என்பதும் அதில் அடங்கும். கடைசியில் சொன்னதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம்.

"அதான் சிலபஸ் இருக்கே" என்று தோன்றலாம். சிலபஸ் என்பது ஐந்து யூனிட்டில் என்னென்ன தலைப்பு வருகிறது என்ற பட்டியல். எதைப் பற்றிப் பேசப்போகிறோம் என்பது அதில் இருக்கும். எந்த அளவுக்குச் செய்தால் போதும், எது நல்ல விடை, எது சுமாரான விடை என்பது இருக்காது. விதிமுறைப் புத்தகமும் அப்படியே. சேர்க்கை நாளில் கையெழுத்து வாங்கிக் கொடுக்கிற அந்தக் கையேட்டை யாராவது முழுதாகப் படித்து நான் பார்த்ததில்லை.

விதியைப் படித்தாலும் அதன் அர்த்தம் பிடிபடுவது வேறு விஷயம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி தியரி பாடங்களுக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. பாஸ் ஆக மொத்தத்தில் 50 வேண்டும். கூடவே, செமஸ்டர் தேர்வில் மட்டும் 45 சதவீதம் வேண்டும். இதைக் கேட்டதும் தலையாட்டிவிடலாம். ஆனால் கணக்குப் போட்டுக் காட்டினால்தான் உறைக்கும். 60க்கு 45 சதவீதம் என்றால் 27. ஒரு மாணவர் இன்டர்னலில் 38 வாங்கிவிட்டார், செமஸ்டர் தேர்வில் 26. மொத்தம் 64 வருகிறது. ஆனாலும் அவருக்கு அரியர். "இன்டர்னல் நல்லா இருக்கு, எப்படியும் பாஸ்" என்று நம்பிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இந்த ஒரு கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்ட இரண்டு நிமிடம் ஆகும். அட்டெண்டன்ஸும் அப்படித்தான். 75 சதவீதம் என்று சொன்னால் காற்றில் போகும். "90 வேலை நாள் என்றால் 68 நாள் வந்தாக வேண்டும், 22 நாள்தான் விட முடியும், காய்ச்சல், சொந்தக்காரர் கல்யாணம், ஊர்த் திருவிழா எல்லாம் அந்த 22க்குள்தான்" என்று சொன்னால் மனதில் நிற்கும்.

இந்த விஷயத்தில் நான் இவ்வளவு அழுத்தமாக இருக்க ஒரு காரணம் உண்டு. கல்லூரிக்கென்று எழுதப்படாத விதிகள் ஏராளம். இன்டர்னல் மதிப்பெண்ணில் தவறு இருந்தால் போய்க் கேட்கலாம், கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்பது ஒன்று. உடம்பு சரியில்லாமல் லீவு போட்டால் மருத்துவச் சான்றிதழை எத்தனை நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது இன்னொன்று. வீட்டில் அண்ணனோ அக்காவோ கல்லூரிக்குப் போயிருந்தால் இவையெல்லாம் சாப்பாட்டு நேரத்திலேயே காதில் விழுந்திருக்கும். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கிற பிள்ளைக்கு யார் சொல்வார்கள்? தமிழ்நாட்டில் முதல் பட்டதாரி என்று ஒரு சான்றிதழே இருக்கிறது. தொழிற்கல்விக்குக் கட்டணச் சலுகையும் உண்டு. கட்டணத்தைக் குறைத்து உள்ளே அழைத்துவிட்டு, உள்ளே எப்படி நடப்பது என்று சொல்லாமல் விட்டால், கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான். "தெரியலைன்னா கேட்கட்டும்" என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். கேட்கலாம் என்பதே தெரியாத பிள்ளைகள்தான் நம்மிடம் வந்து நிற்பதே இல்லை.

அமெரிக்காவில் மேரி ஆன் விங்கல்மஸ் என்ற கல்வியாளர் இதை முறையாகச் சோதித்துப் பார்த்தார். சிறுபான்மை இன மாணவர்கள் அதிகம் படிக்கும் ஏழு உயர்கல்வி நிறுவனங்களில், ஆசிரியர்கள் ஒரு பாடத்தில் இரண்டே இரண்டு அசைன்மென்டுகளை மட்டும் மாற்றி எழுதினார்கள். ஒவ்வொன்றிலும் மூன்று விஷயங்கள் வெளிப்படையாக இருக்க வேண்டும்: இதை ஏன் செய்யச் சொல்கிறேன், சரியாக என்ன செய்ய வேண்டும், எதை வைத்து மதிப்பிடுவேன். நோக்கம், வேலை, அளவுகோல். 2016இல் முடிவுகள் வெளியாயின. அந்த மாணவர்களின் தன்னம்பிக்கையும், 'நான் இந்த இடத்துக்கு உரியவன்' என்ற உணர்வும் கூடியிருந்தன. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்தவர்களிடமும் வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளிடமும் இந்தப் பலன் இன்னும் அதிகம். பாடத்தை அவர்கள் எளிதாக்கவில்லை. கேள்வியை விளக்கமாக எழுதினார்கள், அவ்வளவுதான்.

என் தேய்மான அசைன்மென்டை அந்த மூன்றையும் வைத்துத் திருத்தி எழுதியபோது இப்படி வந்தது:

"ஒரு சொத்தின் மதிப்பு வருடா வருடம் எப்படிக் குறைகிறது என்பதை நீங்களே கணக்கிட்டு, எந்த முறை எங்கே பொருந்தும் என்று முடிவெடுக்கப் பழகுவதற்காக இந்த வேலை. 3,00,000 ரூபாய்க்கு வாங்கிய ஒரு ஷேர் ஆட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். தேய்மானம் 10 சதவீதம். நேர்க்கோட்டு முறையிலும் குறைந்துசெல் மதிப்பு முறையிலும் மூன்று வருடத்துக்குக் கணக்கிடுங்கள். ஆட்டோ ஓட்டும் ஒருவருக்கு எந்த முறையைச் சொல்வீர்கள், ஏன் என்று ஒரு பக்கத்துக்குள் உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள். தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதலாம். கணக்குக்கு 4, காரணத்துக்கு 5, வடிவத்துக்கு 1. கைடிலிருந்து வரிகளை அப்படியே எழுதினால் காரணத்துக்கான 5 கிடைக்காது."

முதல் முறையில் ஒவ்வொரு வருடமும் 30,000 கழியும். இரண்டாவது முறையில் 30,000, பிறகு 27,000, பிறகு 24,300. இந்த வித்தியாசத்தைத் தாங்களே போட்டுப் பார்த்த பிள்ளைகள் எழுதிய காரணங்கள் எனக்கே புதிதாக இருந்தன. ஒரு பையன், "வண்டி பழசாக ஆக ரிப்பேர் செலவு கூடும். அப்போது தேய்மானமும் அதே அளவில் இருந்தால் லாபம் ரொம்பக் குறைந்து தெரியும். அதனால் இரண்டாவது முறை" என்று எழுதியிருந்தான். அவன் அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். ஐந்து பக்கம் கேட்ட வருடத்தில் இப்படி ஒரு வரிகூட எனக்கு வந்ததில்லை.

சரி, எதிர்பார்ப்பை எப்படி எழுதுவது? இதில் ஒரே ஒரு சூத்திரம் போதும்: கண்ணுக்குத் தெரிகிற வினைச்சொல்லைப் போடுங்கள். "இருப்பாய்வைப் (ட்ரயல் பேலன்ஸ்) புரிந்துகொள்வார்" என்று எழுதினால், புரிந்ததா இல்லையா என்று மாணவரும் சொல்ல முடியாது, நாமும் சொல்ல முடியாது. "இரண்டு பக்கமும் ஒத்துவராத இருப்பாய்வைக் கொடுத்தால், பிழை எங்கே என்று கண்டுபிடித்துத் திருத்துவார்" என்று எழுதினால், அந்தப் பிள்ளை வீட்டில் உட்கார்ந்து தன்னைத்தானே சோதித்துக்கொள்ளலாம். 1956இல் பெஞ்சமின் புளூம் குழுவினர் கற்றல் நோக்கங்களை ஆறு படிகளாகப் பிரித்தார்கள். நம் வினாத்தாள்களில் கேள்விக்குப் பக்கத்தில் அது எந்தப் படி என்று காட்ட கே1, கே2 என்று போடுகிறோமே, அதன் வேர் அங்கேதான். கோர்ஸ் அவுட்கம் என்ற பெயரில் ஒவ்வொரு பாடத்துக்கும் இவற்றை எழுதி, அட்டவணை போட்டு, கல்லூரியின் தரத்தை மதிப்பிட நாக் குழு வரும்போது காட்டுவதற்கு ஃபைலில் வைக்கிறோம். அந்தத் தாளை முதலில் பார்க்க வேண்டியவர்கள் மாணவர்கள். 'விவரி' என்று கேட்டால் எந்த மாதிரி விடை, 'ஒப்பிடுக' என்று கேட்டால் எந்த மாதிரி விடை என்று ஒரு வகுப்பு செலவழித்துச் சொல்லிக்கொடுத்தால், அந்தக் கே1, கே4 எல்லாம் அவர்களுக்கும் உதவும்.

நடத்தை பற்றிய எதிர்பார்ப்புகளுக்கும் இதே சூத்திரம்தான். "ஒழுங்கா இருக்கணும்", "பொறுப்பா நடந்துக்கணும்" என்பவை எந்தப் பிள்ளையும் மறுக்காத, எந்தப் பிள்ளைக்கும் உதவாத வாக்கியங்கள். பாடம் தொடங்கும்போது நான் எழுதிக் கொடுக்கும் எதிர்பார்ப்புத் தாளில் இருப்பது இந்த மாதிரி: "வகுப்பு 9.10க்கு. 9.20 வரை அமைதியாக உள்ளே வந்து உட்காரலாம், அனுமதி கேட்டுப் பாடத்தை நிறுத்த வேண்டாம். அட்டெண்டன்ஸ் 9.20க்கு எடுப்பேன்." இந்தப் பத்து நிமிடம் சும்மா வந்ததல்ல. முதலில் 9.10 என்றுதான் போட்டிருந்தேன். படித்ததும் பின் வரிசையிலிருந்து மூன்று பேர், தங்கள் ஊரிலிருந்து வரும் ஒரே டவுன் பஸ் 9.05க்குத்தான் ஸ்டாண்டுக்கு வருகிறது, அங்கிருந்து ஓடி வந்தாலும் 9.15 ஆகிவிடும் என்றார்கள். அதுவரை அவர்களைச் சோம்பேறிகள் என்று நினைத்திருந்தேன். விதியை எழுதி எல்லாரும் பார்க்கிற மாதிரி வைத்ததால்தான் அந்தப் பேச்சே வந்தது. நிறைய பிள்ளைகள் மதியத்துக்கு மேல் ஜவுளிக் கடையிலும் மெடிக்கல் ஷாப்பிலும் வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்கு "நாளைக்குள் கொண்டு வா" என்பதும் "அடுத்த வியாழக்கிழமை மதியம் 12க்குள்" என்பதும் ஒன்றல்ல.

தாமதமாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதையும் முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். நான் ஒரு நாளுக்கு ஒரு மதிப்பெண் குறைப்பேன், மூன்று நாளுக்கு மேல் வாங்க மாட்டேன். முன்னாலேயே வந்து காரணம் சொன்னால் ஒரு முறை அவகாசம் உண்டு. இதில் ஆசிரியருக்கு ஒரு சோதனை இருக்கிறது. நன்றாகப் படிக்கிற பிள்ளை நாலாவது நாள் வந்து நிற்கும்போது வாங்கிவிட்டால், மொத்த வகுப்புக்கும் அது தெரியும். அதற்கு அப்புறம் அந்தத் தாளில் இருக்கும் எந்த வரிக்கும் மதிப்பில்லை. கடைப்பிடிக்க முடியாததை எழுதவே வேண்டாம்.

இப்போது எழுதாமல் விடவே கூடாத ஒன்று, சாட்ஜிபிடி மாதிரியான கருவிகள். பக்கத்து வகுப்பு ஆசிரியர் பயன்படுத்தச் சொல்கிறார், இந்த வகுப்பு ஆசிரியர் திட்டுகிறார் என்றால் பிள்ளைகள் குழம்பிப்போவார்கள். பொதுவாகத் தடை என்றோ பொதுவாகச் சரி என்றோ சொல்லாமல், எதற்கு என்று பிரித்துச் சொல்லிவிடுங்கள். என் வகுப்பில், புரியாத ஆங்கிலப் பத்தியை விளக்கிக் கேட்கலாம், தான் போட்ட கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளலாம், காரணம் எழுதுகிற பகுதியை எழுதி வாங்கக் கூடாது. பயன்படுத்தியிருந்தால் கடைசியில் ஒரு வரி எழுத வேண்டும், அதற்காக மதிப்பெண் குறையாது. சந்தேகம் வந்தால் கூப்பிட்டு வாயால் விளக்கச் சொல்வேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இதெல்லாம் ஊட்டிவிடுகிற வேலை, கல்லூரிப் பிள்ளைகளுக்கு இது தேவையா என்று என் சக ஆசிரியர்கள் சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கபடி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு வைப்பதால் ஆட்டம் சுலபமாகிவிடுவதில்லை. பாடிப் போகிறவன்தான் மூச்சைப் பிடிக்க வேண்டும், அவன்தான் திரும்பி வர வேண்டும். கோடே இல்லாத தரையில் ஆடவிட்டுவிட்டு அவுட் கொடுப்பதைத்தான் நான் வேண்டாம் என்கிறேன்.

எதிர்பார்ப்பைத் தெரிவிப்பதில் வாயால் சொல்வது ஒரு பங்குதான். முதல் நாளில் தாளை வாசித்துக்கொண்டே போனால் பத்து நிமிடத்தில் வகுப்பு தூங்கிவிடும். நான் செய்வது இது: ஒரே கேள்விக்கான இரண்டு விடைகளைப் பெயர் இல்லாமல் ஜெராக்ஸ் போட்டுக் கொடுப்பேன். ஒன்று கைடைப் பார்த்து எழுதின மாதிரி நானே தயாரித்தது, இன்னொன்று பழைய வருடத்து மாணவர் ஒருவரிடம் கேட்டு வாங்கியது. நாலு நாலு பேராக உட்கார்ந்து மதிப்பெண் போடச் சொல்வேன். முதலில் பாதிக் குழுக்கள் அழகான கையெழுத்துக்குத்தான் அதிகம் போடும். அப்புறம் அளவுகோலைக் கொடுத்து, மறுபடியும் போடச் சொல்வேன். அந்த நாற்பது நிமிடத்தில் அவர்களுக்குப் புரிகிற விஷயத்தை நான் ஒரு செமஸ்டர் முழுக்கச் சொன்னாலும் புரியவைக்க முடியாது.

அதே வகுப்பில் ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுத்து, இந்தப் பாடத்தில் எது பயமாக இருக்கிறது என்று பெயர் போடாமல் எழுதச் சொல்வேன். தமிழ்வழியில் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் நிறையப் பேர் ஒரே விஷயத்தைத்தான் எழுதுகிறார்கள்: இங்கிலீஷில் கேள்வி கேட்டால் பதில் சொல்ல வராது. பள்ளியில் குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு என்று படித்தவர்களுக்கு ஜர்னல், லெட்ஜர், ட்ரயல் பேலன்ஸ் என்று வேகமாகச் சொல்லிக்கொண்டே போனால், தெரிந்த பாடமே தெரியாத பாடமாகிவிடுகிறது. எனவே "தமிழில் கேட்கலாம், தமிழில் பதில் சொல்லலாம், இரண்டு சொல்லும் கரும்பலகையில் இருக்கும்" என்ற வரி இப்போது தாளின் முதல் வரி.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். முதல் நாளோடு இதை முடித்துவிட முடியாது. நம் கலை அறிவியல் கல்லூரிகளில் முதல் வாரத்தில் வகுப்பே நிரம்புவதில்லை. பொறியியல் கலந்தாய்வு முடிவுக்காகக் காத்திருந்து பாதியில் போகிறவர்கள் உண்டு, அந்தக் காலியிடங்களில் தாமதமாக வந்து சேர்கிறவர்கள் உண்டு. தாமதமாக வருகிற பிள்ளைக்குத்தான் இந்தத் தாள் அதிகம் தேவை. அதனால் தாளை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, முதல் அசைன்மென்டுக்கு ஒரு வாரம் முன்பு அதைப் பற்றிய பகுதியையும், முதல் இன்டர்னல் டெஸ்டுக்கு முன்பு டெஸ்ட் பற்றிய பகுதியையும் மறுபடி எடுத்துப் பேசுகிறேன். தேவைப்படுகிற நேரத்தில் சொன்னால்தான் காதில் ஏறும். புதிதாகச் சேர்ந்தவரை ஏற்கனவே இருக்கும் ஒருவரோடு உட்காரவைத்து, தாளை அவரையே விளக்கச் சொல்வதும் நன்றாக வேலை செய்கிறது.

தாளின் பின்பக்கம் என் பங்கு. டெஸ்ட் விடைத்தாளை ஏழு வேலை நாளுக்குள் திருப்பித் தருவேன். எந்தக் கேள்வியில் ஏன் மதிப்பெண் குறைந்தது என்று எழுதியிருப்பேன். செவ்வாய், வியாழன் மதியம் 1.30 முதல் 2.30 வரை ஸ்டாஃப் ரூமில் இருப்பேன், காரணம் இல்லாமலும் வரலாம். வாட்ஸ்அப்பில் இரவு 8க்கு மேல் அனுப்பினால் மறுநாள் பதில் வரும். வகுப்பில் தப்பான பதில் சொன்னதற்காக யாரையும் எழுப்பி நிற்கவைக்க மாட்டேன்.

இந்தப் பின்பக்கம் இருந்த முதல் செமஸ்டரில், இரண்டாவது டெஸ்ட் முடிந்து ஒன்பது வேலை நாள் ஆகியிருந்தது. வகுப்பு முடிந்து வெளியே வரும்போது ஒரு மாணவி தாளைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கி வந்தாள். "மேடம், தப்பா நினைச்சுக்காதீங்க. ஏழு நாள்னு போட்டிருந்தீங்க." அவள் குரல் லேசாக நடுங்கியது. "நல்லவேளை கேட்டம்மா, வெள்ளிக்கிழமை கண்டிப்பா தரேன்" என்றேன், கொடுத்தேன். 60 விடைத்தாளை, நான் எழுதித் தர நினைத்த மாதிரிக் குறிப்போடு, ஏழு நாளில் திருத்த முடியவில்லை. அடுத்த செமஸ்டர் தாளில் அதைப் பத்து நாள் என்று மாற்றிவிட்டு, கீழே இன்னொரு வரி சேர்த்தேன்: "பத்து நாளுக்கு மேல் ஆனால் வந்து கேளுங்கள்."